மேற்கே ஒரு வளவு

“இதுல உங்கட வீடு எது, தங்கச்சி?” என்று டொக்டர் யசோதினி ஒருமுறை சுல்பிகாவிடம் கேட்டாள்.

யசோதினி அந்தக் குறுகிய ஒழுங்கைக்கு வந்த முதல் நாள் அது. விறாந்தையில் ஒரு பெரிய தாளை விரித்து, மேற்கேயிருந்து வீசுகிற கச்சான் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் மூலைகளில் கல் வைத்திருந்தாள். வானத்திலிருந்து எடுத்த படம். கடல் எது, வயல் எது என்றே சுல்பிகாவுக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு பள்ளிவாசல் மினாராவின் நிழலைக் கண்டாள். அங்கிருந்து ஒழுங்கையைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே மேற்கே நடந்தாள். முதலில் பாசி பிடித்த ஓட்டுக்கூரை, மூத்த பெரியும்மாவின் வீடு. பிறகு கொஞ்சம் புதிய ஓடு. பிறகு வெள்ளைச் சீற் போட்ட கூரை. பிறகு அவர்களுடைய வீடு. அதற்கப்பால் வீடில்லாத ஒரு வெறும் வளவு. அதற்கும் அப்பால், கரியை வைத்துத் தேய்த்துவிட்டதுபோல ஒரு பெரிய கறுப்பு. அதுதான் பழைய இரும்பு உருக்குகிற உலை.

விரலை வைத்தாளே தவிர வாய் திறக்கவில்லை. வெளியாட்களின் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது. சுனாமியாகக் கடல் வந்தபோது அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். பள்ளிக்கூடம் அகதி முகாமாகி, மறுபடி பள்ளிக்கூடமானபோது வகுப்பில் பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. சில நாள் போனாள். பிறகு போகவில்லை.

யசோதினி பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்புக்காரி. வெளியூரில் படித்து டொக்டராகி, இரும்பும் ஈயமும் உருக்குகிற இடங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சனத்துக்குப் புற்றுநோய் கூடுதலாக வருகிறதா என்று படம் போட்டுப் பார்க்க வந்திருந்தாள். நோய் கண்டவரோ, அதால் மௌத்தானவரோ இருந்த வீட்டின்மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுவாள். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த ஒழுங்கையில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. கட்டி என்பார்கள், வாயு என்பார்கள், மிஞ்சிப்போனால் ‘அந்த வருத்தம்’ என்பார்கள். கூட ஊர்ப்பிள்ளை ஒருத்தி வந்தால்தான் கதவுகள் திறக்கும் என்று யசோதினி கேட்டபோது, உம்மா சுல்பிகாவை முன்னால் தள்ளிவிட்டாள்.

“போ புள்ள, கூட நில்லு. நம்மட புள்ள பக்கத்துல நிண்டா நம்மட ஊட்டப் பத்திக் கூடக்கொறயப் பதிய மாட்டா” என்று குசினிக்குள் வைத்து மெதுவாகச் சொன்னாள்.

வீட்டில் கல்யாண வயதில் மகள் இருந்ததால் உம்மாவுக்குப் பயம் இருந்தது. அவர்களுடைய ஊர்களில் பிள்ளைகள் உம்மாவின் குடியைச் சேர்ந்தவர்கள். வீடும் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வெளியூரிலிருந்து வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். மூத்த மகளுக்குக் கல்யாணமானால், தாயும் தகப்பனும் மிச்சப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வளவில் கொட்டில் போட்டு, அதை வீடாக்குவார்கள். அடுத்தவளுக்குக் கல்யாணம் வந்தால் அதையும் விட்டுவிட்டு அடுத்த வளவு. அந்த ஒழுங்கையின் நிலம் பள்ளிவாசல் தெருவில் தொடங்கி மேற்கே ஒரு பட்டியாக ஓடியது. அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவர்கள் ஒரு வளவு மேற்கே நகர்ந்தார்கள். உம்மா கடைக்குட்டி. அவள் கல்யாணம் முடித்தபோது உலை அந்த முனையில் வந்து சில காலமாகியிருந்தது. அப்போது சின்ன உலை.

கடல் அந்த ஒழுங்கைக்கு வரவில்லை. கரையோரம் முழுவதும் கூரையும் ஆளும் இல்லாமல் போன அன்றைக்கு, அங்கே கிணற்று வாளி கூடக் கவிழவில்லை. அதோடு அந்த ஒழுங்கைப் பெண்களுக்கு மவுசு வந்தது. கரையோரத்துத் தாய்மார் கடலுக்கு எட்டாத வீடு தேடி மேற்கே வந்தார்கள். உலைக்கும் மவுசு வந்தது. கடல் நெரித்துப்போட்ட கதவு, கட்டில், வள்ளத்து எஞ்சின், பஸ் கூடு எல்லாம் லொறி லொறியாக வந்து அதற்குள் போயின. அது தீர்ந்தது என்றிருக்க, வடக்கில் சண்டை முடிந்தது. படங்கு மூடிய லொறிகள் வரத்தொடங்கின. துளை விழுந்த தகரம், எரிந்த ட்ரக்டர், மூட்டை மூட்டையாகப் பழைய பற்றரி. இப்போதெல்லாம் புகை ஒரே நிறமாக வருவதில்லை. சில பின்னேரங்களில் மஞ்சளாக இறங்கி, முருங்கை இலையில் எண்ணெய்போலப் படியும்.

கடைத்தெருவில் அவர்களைப் பகிடி பண்ணுவார்கள். “உலையடிப் பொண்ணுக்குக் கண்ணுக்கு மை வாங்கத் தேவல்ல, கொடியில காயிற பாவாடையால முகத்தத் துடைச்சாப் போதும்” என்பார்கள். அது பகிடி. பகிடியில்லாமல் வேறொன்றும் சொன்னார்கள். அந்தக் குடிக்கு வருத்தம் ரத்தத்தில் ஓடுகிறது, தாயிடமிருந்து மகளுக்கு வீடு போவதுபோல அதுவும் போகிறது என்றார்கள். மூத்த பெரியும்மா மார்பில் கட்டி வந்து மௌத்தானாள். அடுத்தவள் வயிற்றில். சுபைதாப் பெரியும்மா இப்போது வெளியே வருவதில்லை. ஒரே குடி, ஒரே வருத்தம். வேறு என்ன நினைப்பார்கள்?

இந்த நிலையில்தான் சுல்பிகாவின் ராத்தா, வீட்டின் மூத்தவள் பரீனாவுக்குச் சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை நிஸ்தார், சாய்ந்தமருதுக் கரைப் பக்கம். அவனுடைய தாய் மீராவும்மா கடலுக்குப் புருசனையும் மகளையும் பறிகொடுத்தவள். பெண் பார்க்க வந்த அன்று அவள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வளவின் நடுவில் போய் நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

“இஞ்ச கடல் கேக்காதா?”

“கேக்காது மதினி. உலைதான் கேக்கும்” என்றாள் உம்மா.

“அது கேட்டாக் கேக்கட்டும்” என்று மீராவும்மா சிரித்தாள். அதோடு பேச்சு முடிந்தது. நோன்புக்கு முன்னால் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். உம்மாவும் வாப்பாவும் இருக்கிற வீடு பரீனாவுக்கு. அவர்கள் சுல்பிகாவோடு கடைசி வளவுக்குப் போகவேண்டும். அங்கே உலையின் மதிலோடு சாய்த்து ஒரு தகரக் கொட்டில் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த மதிலில் கை வைத்தால் காய்ச்சல்காரனின் நெற்றிபோலச் சுடும்.

சுல்பிகாவை உறுத்தியது அந்தக் கொட்டில்தான். ஏனென்றால் வாப்பாவின் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது.

வாப்பா சீனிமுகம்மது வரிப்பத்தான்சேனையிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர். வயலில் நின்று கூப்பிட்டால் வாய்க்காலுக்கு அப்பால் கேட்கிற குரல். மாசி அறுவடைக்குப் பிறகு குரல் கரகரத்தது. பிறகு எந்த நேரமும் கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு திரிந்தார். தூரத்து ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். “மகள்ட கல்யாணம் முடியட்டும்” என்று வாப்பா சொல்ல, உம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். கல்யாணம் முடியுமட்டும் துவாய்க்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது என்று வீட்டில் கட்டளை.

வேலை தொடங்கி நாளாக நாளாக, தாளில் பொட்டுகள் கூடின. ஊரின் மற்றப் பக்கங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தவை, ஒழுங்கைக்குள் வந்ததும் நெருங்கி, மேற்கே போகப்போக ஒன்றோடொன்று ஒட்டின. யசோதினி ஒரு பின்னேரம் விறாந்தையில் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மா வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

“எனக்கு ஒரு கரைச்சல் கிடக்கு, சுல்பிகா” என்றாள். “இந்த ஒழுங்கையில பொட்டு விழுந்த ஆக்கள் எல்லாரும் பொம்பிளையள். எல்லாரும் ஒரே குடி. எங்கட ஊரிலயும் குடி இருக்குத்தானே, எனக்கு விளங்குது. இஞ்ச நிலம் போற வழியிலதான் ரத்தமும் போகுது. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கேலாமக் கிடக்கு. உலையால எண்டு நான் சொன்னா, இல்ல, அது அவங்கட பரம்பரை வருத்தம் எண்டு ஒரு சொல்லில மடக்கிப் போடுவாங்க.”

சுல்பிகா ஆறிய தேத்தண்ணியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“வெளியூரால மாப்பிள்ளையா வந்த ஆம்பிளையள் இருக்காங்களே. அவங்கட ரத்தம் வேற. அவங்களில ஆருக்கும் வருத்தம் இல்லையா?”

இல்லாமல் இல்லை. சுபைதாப் பெரியும்மாவின் புருசன் நிந்தவூர்க்காரர். எலும்பும் தோலுமானபோது அவருடைய ராத்தாமார் வாகனம் பிடித்துவந்து தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசி நேரம் வந்துவிட்டால் ஆண்கள் பிறந்த ஊருக்குத்தான் போவார்கள், அங்கேதான் அடங்குவார்கள். அந்த ஒழுங்கையிலிருந்து அவருடைய ஜனாஸாவைத் தூக்கவில்லை, அதனால் யாரும் அவரை அந்த ஒழுங்கையின் கணக்கில் சேர்ப்பதுமில்லை. பொட்டு ஒட்டியபோது பெரியும்மாவே அவரை மறந்துபோனாள். பொய் சொல்லவில்லை, அவர் நிந்தவூரில்தானே மௌத்தானார்.

அதைச் சொல்ல சுல்பிகாவுக்கு வாய் வந்தது. யசோதினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அவர் இஞ்ச எவ்வளவு காலம் இருந்தவர்?” “கல்யாணம் முடிச்ச நாளிலருந்து.” “அப்ப பொட்டு இஞ்சதான் விழவேணும்” என்று சொல்லி, சுபைதாப் பெரியும்மாவின் கூரையில் ஒன்றை ஒட்டினாள். “இன்னும் ஆரும்?”

குசினிக்குள் உம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். கர் கர் என்று சத்தம் கேட்டது. வாப்பா வயலுக்குப் போயிருந்தார். கொட்டிலுக்குத் தகரம் அடிக்கிற சத்தம் மேற்கேயிருந்து வந்தது. சுல்பிகா குனிந்து, பொட்டுத் தாளிலிருந்து ஒன்றை நகத்தால் உரித்தெடுத்தாள். தங்கள் வீட்டின் மேல் வைத்து அழுத்தினாள். விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

யசோதினி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். “வாப்பாவா?” என்று உதட்டாலேயே கேட்டாள்.

சுல்பிகா தலையாட்டினாள்.

“நான் பேர் ஒண்டும் போடமாட்டன். ரெண்டு பேரை வச்சு நிரூபிச்சதெண்டு சொல்லவும் ஏலாது. ஆனா ரத்தம் எண்ட கதை இனி நிக்காது.” பிறகு மேற்கே கையைக் காட்டினாள். “அந்தத் தகரம் அடிக்கிறது ஆர்?”

“எங்கட ஆக்கள்தான். கல்யாணம் முடிய நாங்க அங்க போறம்.”

“வேணாம், சுல்பிகா.” யசோதினியின் குரல் மாறிவிட்டது. “அவரைக் கொழும்புக்கு அனுப்புங்க, இப்பவே. அங்க மட்டும் கொண்டுபோய் வைக்காதீங்க.”

சுல்பிகா அன்றிரவு உம்மாவிடம் கேட்டாள். கல்யாணத்தை நோன்புக்குப் பிறகு வைத்தால் என்ன, அதற்குள் வாப்பா கொழும்புக்குப் போய் வரலாமே என்று. உம்மா திரும்பிப் பார்த்தாள். “ராத்தாட வாழ்க்கையில மண்ணப் போடாத” என்றாள் உம்மா. அவ்வளவுதான்.

கடைத்தெருக் கதை மீராவும்மாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு அவள் குடையை விரித்துக்கொண்டு தனியே வந்தாள். உம்மா கதிரையைத் துடைத்துப் போட்டாள். தோடம்பழத் தண்ணி கரைத்தாள். மீராவும்மா குடிக்கவில்லை, உம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“ஹயாத்தும்மா, முகத்துக்கு நேர கேக்கன், கோவிக்காதீங்க. உங்கட குடிக்கு வருத்தம் ரத்தத்துல ஓடுதாம் எண்டு செல்றாங்க. உள்ளதா?”

“அல்லாவே! ஆரு மதினி செல்ற? எரிச்சல் பிடிச்ச சனம். வல்லாஹி, எங்கட குடியில அப்படி ஒண்டுமில்ல.”

“சத்தியம் பண்ணாதீங்க, சத்தியத்துக்கு நான் வரல்ல. அந்தச் சின்னப் புள்ளயக் கூப்புடுங்க. டொக்டரோட திரியிற புள்ள.”

“அது என்னத்தச் செல்லும்? அதுக்குக் கதைக்கவே தெரியா மதினி.”

“கதைக்கத் தெரியாத ஆக்கள்தான் பொய் செல்ல மாட்டாங்க. கூப்புடுங்க.”

சீலைத் திரைக்குப் பின்னால் நின்ற சுல்பிகா வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் திரையோரத்தில் பரீனா நிற்கிற மூச்சுச் சத்தம் கேட்டது. விறாந்தைத் திண்ணையில் வாப்பா துவாயோடு இருந்தார். உலை அன்றைக்கு மஞ்சளாகத்தான் விட்டுக்கொண்டிருந்தது. வாசலில் கிடந்த செருப்புகளின் மேல் தூள் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

இதுதான் நேரம் என்று சுல்பிகா நினைத்தாள். உள்ளதைச் சொன்னால் மீராவும்மா பின்வாங்குவாள். கல்யாணம் தள்ளிப்போகும். ராத்தா அழுவாள், உம்மா அடிப்பாள். ஆனால் வாப்பா அந்தச் சுடுகிற மதிலடிக்குப் போகமாட்டார்.

“ரத்தமில்ல மாமி” என்றாள். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. “புகை. உலையால வாற புகை. வெளியால வந்த ஆம்பிளயளுக்கும் அந்த வருத்தம் இரிக்கி. நிந்தவூருப் பெரியாப்பாக்கும் அதுதான். வாப்பாக்கும்... வாப்பாட கழுத்துல இரிக்கி. வாப்பா எங்கட குடி இல்லதானே. இந்த ஊட்டுலயும் இரிக்கேலா, அந்த வளவுலயும் இரிக்கேலா மாமி.”

உம்மாவின் கையிலிருந்த தட்டம் நிலத்தில் விழுந்து உருண்டது. அதை யாரும் எடுக்கவில்லை. வாப்பா துவாயை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

மீராவும்மா வாப்பாவைப் பார்த்தாள். உம்மாவைப் பார்த்தாள். திரைக்குக் கீழே தெரிந்த பரீனாவின் கால்களைப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் கையை வைத்து, நீளமாக மூச்சு விட்டாள்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள்.

சுல்பிகாவுக்கு விளங்கவில்லை.

“அப்ப பொண்ணுட ரத்தத்துல ஒண்டுமில்ல. என்ட பேரப்புள்ளயளுக்கு ஒண்டும் வராது. அதுதான் புள்ள எனக்குத் தெரிய வேண்டியிருந்திச்சு.” அவள் தோடம்பழத் தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். “புகை எண்டா சன்னல அடைக்கலாம். மறுகா கொஞ்சம் மரம் நடலாம். கடலுக்கு எந்தச் சன்னல அடைக்க? நான் அடைச்சுப் பாத்தவள்தான்.”

“மாமி, டொக்டர் செல்றா...”

“டொக்டர் செல்லுவா. டொக்டர்ட புருசன கடல் கொண்டு போகல்ல.” அவள் உம்மாவின் பக்கம் கிறுகினாள். “ஹயாத்தும்மா, அழாதீங்க. நாள முன்னுக்குக் கொண்டுவாங்க. பெரிய மனிசனுக்குச் சுகமில்ல எண்டா வச்சுக்கொண்டு இரிக்கப்படாது. தகப்பன் இரிக்கக்குள்ள, அவரே கையப் பிடிச்சு ஒப்புக் குடுக்கட்டும். வாற வியாழனுக்கு நிக்காஹ். அதுக்கு முதல் ஊட்டக் காலி பண்ணித் தாங்க, நாங்க கட்டில் அலுமாரி இறக்கணும்.”

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்ஷா அல்லாஹ்” என்றாள். அவள் முகத்தில் அழுகை இருந்தது. அதற்கு மேலே, மறைக்க முடியாமல், சந்தோசமும் இருந்தது. பரீனா திரைக்குப் பின்னால் விம்மினாள். அது என்ன அழுகை என்று சுல்பிகாவுக்குத் தெரியவில்லை. வாப்பா எழும்பி, மீராவும்மாவைக் கடப்படி வாசல்வரை கொண்டுபோய் விட்டார். குடையை விரிக்கும்போது மீராவும்மா அதன் மேலிருந்த கறுப்பைக் கையால் தட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு வீடு பம்பரமாகச் சுழன்றது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். விடிய அடித்த சுண்ணாம்பில் மத்தியானமே நரை விழுந்தது. இன்னொரு பூச்சு அடித்தார்கள். ஜன்னல்களுக்குத் தடித்த சீலை தைத்தார்கள். அது மீராவும்மா சொல்லியனுப்பியது. தகரம் அடித்துமுடிந்த கொட்டிலுக்கு உம்மா சட்டி பானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள், வந்தாள். சுல்பிகாவோடு அவள் பேசவில்லை. கோபமா வெட்கமா என்று தெரியாத ஒரு முகத்தோடு, அவள் நிற்கிற இடத்தைச் சுற்றிச்சுற்றிப் போனாள். யசோதினிக்கு சுல்பிகா கடையிலிருந்து தொலைபேசி எடுத்துப் பேசினாள். “நான் வந்து உம்மாவோட கதைக்கட்டா?” என்று யசோதினி கேட்டாள். வேண்டாம் என்றாள் சுல்பிகா. வந்தால் மீராவும்மா சொன்னதையே உம்மாவும் சொல்வாள், இன்னும் சத்தமாக.

புதன் பின்னேரம் பரீனாவின் கட்டில் வந்து இறங்கியது. வாப்பாவின் பழைய கட்டிலை வெளியே எடுத்து, கால்களைக் கழற்றி, வேலியோடு சாத்தினார்கள். வாப்பா கிணற்றடியில் தொழுகைக்கு ஒளுச் செய்துவிட்டு, துவாயை உதறிக் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். துவாய் இல்லாத அந்த ஒரு கணத்தில் சுல்பிகா பார்த்தாள். கட்டி பெருத்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று முளைத்திருந்தது.

“வாப்பா” என்றாள். “வரிப்பத்தான்சேனைக்குப் போவம். உங்கட ஊரு மாமி ஊட்ட. நானும் வாறன். மறுகா அங்கருந்து கொழும்புக்குப் போகலாம். நாளைக்கு நிக்காஹுக்கு மட்டும் வந்து கையப் பிடிச்சுக் குடுத்திட்டுத் திரும்பிப் போகலாம். அந்த மாமி ஒண்டும் செல்லமாட்டா.”

வாப்பா அவளைப் பார்த்தார். அவர் வாய் அசைந்ததுபோலிருந்தது. அவள் காத்திருந்தாள். வாசலில் ஆட்கள் அலுமாரியைத் தூக்கி உள்ளே நுழைத்துக்கொண்டிருந்தார்கள். “பைய, பைய, சுண்ணாம்பு பட்டிரும்” என்று உம்மா கத்தினாள். நடுவறையிலிருந்து பரீனா, மருதோன்றி காயாத கைகளை விரித்துப் பிடித்தபடி, தகப்பனை எட்டிப் பார்த்தாள். வாப்பா அவளையும் பார்த்தார். அவளுடைய கைகளை நீண்ட நேரம் பார்த்தார்.

பிறகு குனிந்து, வேலியோடு கிடந்த பாயைச் சுருட்டினார். தலையணையைத் தட்டி அதற்குள் வைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். மேற்கு வேலியில் கொட்டிலுக்குப் போக, ஆள் நுழையுமளவுக்கு ஒரு பொட்டு வெட்டி வழி விட்டிருந்தார்கள். கச்சான் அந்த வழியாக நேரே வீசிக்கொண்டிருந்தது. அவர் காற்றுக்கு முகத்தைக் கொஞ்சம் சரித்தார், தலை குனிந்தார், அந்தப் பக்கம் போனார்.